சைக்கிள் மிதித்த கூலி

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கூடுதலான இரண்டும் என் கொழுந்தனார் பிள்ளைகள். தாய் போன பிறகு என்னிடம் வந்தவர்கள், கல்யாணம் ஆகித்தான் போனார்கள். ஆறு பேரில் ஒருவர்கூடச் சோடை போகவில்லை. பெருமைக்குச் சொல்கிறாயா என்று கேட்டால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்து வரும், பஸ் போர்டு படிப்பேன். அதற்குமேல் எழுத்து என்றால் மாட்டுவண்டி வேகம்தான். அவசரம் ஒன்றும் இல்லை, மெதுவாகவே சொல்கிறேன்.

ஆறு பிள்ளைகளையும் என் கால்மேல் போட்டுத்தான் குளிப்பாட்டினேன். தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்து வைத்து, அந்தக் காலையே தொட்டிலாக்கி, பச்சைப் பிள்ளையை அதில் கிடத்த வேண்டும். எண்ணெய் தேய்த்து, கைகால் உருவிவிட்டு, வெந்நீர் ஊற்றுவதற்குள் பிள்ளைக்குத் தூக்கம் சொக்கிவிடும். பேரப் பிள்ளைகள் பிறந்தபோதும் நான்தான். அக்கம்பக்கத்தில் குழந்தை பிறந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெரம்பலூரில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு மண்டை உருண்டையாக இருக்கிறதென்றால் அதில் என் கைக்கும் பங்கு உண்டு.

கடைக்குட்டி மகளை அரியலூரில் கொடுத்திருந்தோம். அப்போது இரண்டு ஊரும் ஒரே ஜில்லா, பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் இறங்கிவிடலாம். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. யாராவது சீமந்தம், பேர் வைக்கிறது என்று கூப்பிட்டால் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவாள். சுனாமி வந்த அடுத்த வருஷம், பங்குனியில், அவளே போன் பண்ணினாள். "அம்மா, நின்னுருக்கும்மா" என்றாள். நான் போனை வைக்காமலே சாமி மாடத்துக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், எழ முடியவில்லை. முழங்கால் இரண்டும் இறுகிக்கொண்டன. நாலைந்து வருஷமாக நாற்காலியிலேயே உட்கார்ந்து பழகியதில், தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. மூத்த மகனும் மருமகளும் ஆளுக்கொரு கையாகத் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று முட்டுக்கொடுத்தார்.

அடுத்த வாரம் மகள் தன் மாமியாரோடு வந்தாள். நான் எழ முடியாமல் கிடந்த கதையை மருமகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மகள் சிரிக்கவில்லை.

"அம்மா, கோவிச்சுக்காத. இந்த முட்டியை வச்சிக்கிட்டு நீ எப்படிப் புள்ளையைக் குளிப்பாட்டுவ? எங்க அத்தையே ஊத்தட்டும்."

என் சம்பந்தி சவுக்குக் கொம்பு மாதிரி இருப்பாள். வாயும் அதே மாதிரி, பட்டால் விளாசும். "நான் எதுக்கு இருக்கேன்? சம்மந்தியம்மா நாற்காலியில ஒக்காந்து சொல்லட்டும், நான் செய்யிறேன். அவுங்க தரையில ஒக்காந்துட்டா அப்புறம் எங்க ஊரு சிமென்ட் ஆலையிலேருந்துல்ல கிரேன் கொண்டாரணும்?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் மகள் முகத்தில் பயம் இருந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்து வருகிற பிள்ளை, கை தவறிவிட்டால் என்னாவது என்ற பயம். அது நியாயம். அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

"ஒரு பேச்சு பேசிக்குவோம். நான் தரையில ஒக்காந்து, யாரு கையும் புடிக்காம எந்திரிச்சுக் காட்டுறேன். காட்டுனா புள்ளை எங்கிட்ட. இல்லேன்னா உங்க அத்தைகிட்ட" என்றேன். மகள் தலையாட்டினாள். பிரசவம் ஐப்பசியில்.

டாக்டரம்மாவிடம் போனேன். எங்கள் பக்கத்தில் நல்ல பேர் எடுத்த அம்மா. முட்டியை மடக்கிப் பார்த்துவிட்டு, "தேய்மானம் கொஞ்சம்தான். பாரம்தான் அதிகம். எட்டு கிலோ கொறைச்சுட்டு வாங்க" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் சின்ன வெங்காயம் போடுகிற மண்டியில் பெரிய தராசு இருந்தது. அதில் ஏறி நின்றேன். எண்பத்தொன்று. மண்டிக்காரர், "சாக்கு எடை கழிக்கணுங்களா அண்ணி?" என்று கேட்டார். நான் கட்டியிருந்த சுங்குடிச் சேலையைத்தான் சொன்னார், போக்கிரி.

அந்தச் சமயம் இளைய மகன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தான். விஷயம் கேட்டதும் திருச்சிக்குப் போய் ஒரு சைக்கிள் வாங்கி வந்துவிட்டான். ஓடாத சைக்கிள். முன்னால் ஒரே ஒரு சக்கரம், அதுவும் தரையைத் தொடாது. கைப்பிடி நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மீட்டர். அதில் எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை கலோரி என்று எண்கள் ஓடும்.

"கலோரின்னா என்னம்மா?" என்று மருமகளைக் கேட்டேன். அவள் பிளஸ் டூ படித்தவள், வாரப் பத்திரிகை விடாமல் படிப்பவள்.

"சாப்பாட்டுல இருக்கிற தெம்பு அத்தை. சாப்புட்டா உள்ள வருது, மிதிச்சா செலவாவுது. எவ்வளவு செலவாச்சுன்னு இது காட்டும். ஒரு இட்டிலிக்கு அம்பதுன்னு வச்சுக்குங்க."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். நான் பிறந்தது ஜெயங்கொண்டத்துப் பக்கம். சின்ன வயதில் அறுப்புக்குப் போவேன். பணம் கிடையாது, கூலி நெல்தான். பொழுது சாயக் களத்திலேயே மரக்காலில் அளந்து முந்தானையில் போடுவார்கள். வேலை செய்தவள் வெறுங்கையோடு வீடு போகக் கூடாது. வாங்காமல் போனாலும் மிராசு விடமாட்டார், களத்துக்கு ஆகாது என்பார். அந்தப் புத்தி எனக்குள் அப்படியே இருந்தது. உடம்பு வேலை செய்கிறது, மீட்டர் அளந்து சொல்கிறது, அளந்ததை உடம்புக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் விட்டால் பாவம்.

ஆக, விடிந்ததும் மிதிப்பேன். மீட்டர் இருநூறு என்று காட்டியதும் இறங்கி, வழக்கமான இட்லியோடு கூட நாலு இட்லி வைத்துக்கொள்வேன். மறுநாள் இட்லிக்குப் பதில் அதிரசம். பத்திரிகையில் வீடு கூட்டினால் இத்தனை, துணி துவைத்தால் இத்தனை என்று போட்டிருந்ததை மருமகள் படித்துச் சொன்னாள். அடடா, இத்தனை காலம் கூலி வாங்காமலா கூட்டினோம் என்று அதற்கும் எடுத்துக்கொண்டேன். வாசல் தெளித்தால் ஒரு கடலை மிட்டாய். மாட்டுக்குத் தண்ணி காட்டினால் இரண்டு வாய் பொரிவிளங்காய் உருண்டை.

வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். தலையை நிமிர்த்தாமலே கேட்பார்.

"எது வரைக்கும் போயிருக்க?"

மீட்டரைப் பார்த்துச் சொல்வேன். "பன்னெண்டு கிலோமீட்டருங்க."

"அப்படின்னா திருச்சி ரோட்டுல இன்னும் பாடாலூரு வரல. பாடாலூருல டீ நல்லா இருக்கும், எறங்கிக் குடிச்சிட்டுப் போ."

"நீங்க டிக்கெட்டு எடுத்தா குடிக்கிறேன்."

"டிக்கெட்டா? வண்டியை ஓட்டுறதே நீதானே!"

ஆனி போய் ஆடி வந்தது. சேலை கொசுவம் மட்டும் ஒரு மடிப்புக் குறைந்ததே தவிர முட்டி இளகவில்லை. கொசுவம் குறைந்தால் இடுப்பு பெருத்தது என்று அர்த்தம். எனக்கு அது தெரியாமலில்லை. துணி சுருங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடிக்கு மகளைக் கொண்டுவந்து விட சம்பந்தி வந்தாள். ஒரு பை முந்திரிப்பருப்பு கொண்டுவந்திருந்தாள். வந்ததும் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுதானா உங்க பந்தயக் குதிரை? நானும் ஏறலாமா?"

"ஏறுங்க, கீழ விழ மாட்டீங்க" என்றேன்.

ஏறி மிதித்தாள். நான் மிதிக்கிற நேரம்தான், அதே மிதிதான். இறங்கும்போது மீட்டர் என்ன காட்டியது தெரியுமா? இருநூறு. எனக்குக் காட்டும் அதே இருநூறு.

எனக்குப் பொறுக்கவில்லை. "அதெப்படி? நான் உங்களைப்போல ரெண்டு ஆளு பாரம். நான் மிதிச்சா எனக்கு மூச்சு வாங்குது, வேர்த்து ஊத்துது. உங்களுக்கு நெத்திப் பொட்டுகூடக் கலையல. ரெண்டு பேருக்கும் ஒரே கூலியா?"

"களத்துல ஆளுக்கு ஒரே கூலிதானே சம்மந்தியம்மா" என்றாள் அவள், முந்திரி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே.

"இது ஆளைப் பாத்து அளக்குதா, இல்லை கண்ணை மூடிக்கிட்டு அளக்குதா?" என்று நான் சைக்கிளுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பெடலைக் கையால் பிடித்துச் சுற்றினேன். ராட்டினம் சுற்றுவது மாதிரி லேசாகத்தான். மீட்டர் ஒன்று, இரண்டு என்று ஏற ஆரம்பித்தது. சம்பந்தி அந்தப் பக்கப் பெடலைப் பிடித்தாள். மாவு அரைக்கும் எந்திரத்தை இரண்டு பேர் சுற்றுவதுபோல நாங்கள் சுற்றினோம், இடது கையால் முந்திரி தின்றோம். ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துப் பார்த்தால் மீட்டரில் எண்பதோ தொண்ணூறோ இருந்தது.

மருமகள் வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்தை! ஒக்காந்து முந்திரி தின்னதுக்கு தொண்ணூறா?"

வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். "கையால சுத்தியே பாடாலூரு போயிட்டீங்களே ரெண்டு பேரும்!"

அப்படிச் சிரித்தோம் அன்று. சம்பந்திக்கு விக்கல் எடுத்துவிட்டது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். உள்ளே இருக்கிறதும் சிரித்திருக்கும்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான், அந்த எண்ணை நம்பித் தின்றதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று தோன்றியது. நேரே மண்டிக்குப் போனேன். எண்பத்து மூன்றரை. ஐப்பசிக்கு மூன்று மாதம்கூட முழுசாக இல்லை.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கூலிக் கணக்கு உட்பட. அவர் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, அது சக்கரம் சுத்துறதைத்தான் எண்ணுது. மேல ஒக்காந்திருக்கிறது நீங்களா, சம்மந்தியான்னு அதுக்குத் தெரியாது. உங்க வயசு, எடை, மூச்சு ஒண்ணும் தெரியாது. குத்துமதிப்பா ஒரு நம்பரைப் போடுது, அதுவும் பெரும்பாலும் கூடத்தான் போடும். நீங்க சும்மா ஒக்காந்திருந்தாலும் உடம்பு கொஞ்சம் செலவு பண்ணும், அதையும் சேத்துக் காட்டிடும். வீடு கூட்டுறது நீங்க முப்பது வருஷமா செய்யிறதுதானே, அது புதுச் செலவு இல்லை. இன்னொண்ணு, நீங்க தின்ன நாலு இட்டிலி கணக்குல, அதுக்குத் தொட்டுக்கிட்ட பொடிக்கு ஊத்துன நல்லெண்ணெய் இருக்கா?"

இல்லை. எண்ணெயை யார் எண்ணுவார்கள்?

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். வாங்குவதற்கு ஒரு படி, விற்பதற்கு ஒரு படி வைத்திருக்கிற வியாபாரியைச் சந்தையில் எல்லோருக்கும் தெரியும். வாங்கும் படி பெரிசு, விற்கும் படி சின்னது. நான் என் உடம்போடு அந்த வியாபாரத்தைத்தான் நடத்தியிருக்கிறேன். மிதித்ததை மீட்டர் குவித்து அளந்தது. தின்றதை நான் தலைதட்டி அளந்தேன். இடையில் விழுந்த அவ்வளவும் இடுப்பில் ஏறிவிட்டது.

"மிதிக்கிறதை விட்டுடவா?" என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "விடாதீங்க, முட்டிக்கு நல்லது. ஆனா அந்த நம்பரைப் பாக்காதீங்க, அதுக்காக ஒரு வாய்கூட சேத்துத் திங்காதீங்க" என்றிருந்தார். இன்னொன்றும் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழ வேண்டும். அது சுலபமானால் கொஞ்சம் தாழ்வான இடத்தில் உட்கார்ந்து எழ வேண்டும். தொடையில் பலம் வந்தால்தான் தரை கிட்டே வரும்.

வீட்டுக்கு வந்ததும் மீட்டர்மேல் ஒரு பழைய துண்டைக் கட்டினேன். வீட்டுக்காரர் கேட்டார், "ஊரு பேரு தெரியாம எங்கன்னு போவ?"

"போற எடம் எனக்குத் தெரியும்" என்றேன்.

ராத்திரிச் சோற்றை நிறுத்திக் கேழ்வரகுக் கூழுக்கு மாறினேன். கடலை மிட்டாய் டப்பாவை மருமகள் தன் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் கேட்டால்கூடக் கொடுக்காதே என்று சொல்லியிருந்தேன். கேட்டேன், கொடுக்கவில்லை. நல்ல பெண்.

உட்கார்ந்து எழுகிற வேலைக்கு, மாட்டுக் கொட்டகைக்கு வாங்கிய செங்கல் மிச்சம் கிடந்தது. அதை வீட்டுக்காரர் நாற்காலி உயரத்துக்குச் சுவரோரம் அடுக்கி மேலே பலகை போட்டார். அதில் உட்கார்ந்து எழுந்தேன். கால் நடுங்காமல் எழ வந்ததும் ஒரு வரிசைச் செங்கல்லை எடுத்துவிடுவோம். மறுபடி நடுங்கும். மறுபடி பழகும். மறுபடி ஒரு வரிசை. கட்டிடம் கட்டுகிறவர்கள் மேலே மேலே போவார்கள், நாங்கள் கீழே கீழே போனோம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, தெனம் ஒரு வரிசை கொறையிது?" என்று கேட்டாள். "வூடு கட்டலடி, வூட்டைப் பிரிக்கிறோம்" என்றேன்.

ஆடி முடிந்து அரியலூர் போயிருந்த மகளைப் புரட்டாசியில் வளைகாப்புப் போட்டு அழைத்து வந்தோம். அப்போது இன்னும் மூன்று வரிசை இருந்தது. அவள் வந்து எத்தனை வரிசை மிச்சம் என்று எண்ணிப் பார்ப்பாள். ஒருநாள் நான் எழ முடியாமல் திரும்பப் பலகையில் விழுந்தேன். கை கொடுக்க வந்தவளை வேண்டாம் என்றேன். அவள் போய்த் தன் பெரிய வயிற்றோடு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரி, ரெண்டு பேரும் ஒண்ணா எந்திரிப்போம். பாப்போம் யாரு மொதல்லன்னு" என்றாள். அவள்தான் முதலில் எழுந்தாள். இரண்டு பேர் பாரம் அவளுக்கும்தானே. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த ஐப்பசி மழை எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. ஏரி, குட்டை எல்லாம் நிறைந்து ரோட்டுக்கு வந்துவிட்டன. கொட்டுகிற மழையில்தான் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். தொப்புள் கொடி விழுந்து, நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கொடி விழுந்து காய்ந்த சேதி கேட்டு அரியலூரிலிருந்து சம்பந்தி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தொப்பலாக நனைந்திருந்தாள். உள்ளே வந்து சேலையைப் பிழிந்தவள், பிழிந்த கையோடு கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள்.

"என்ன செருகுறீங்க? நாத்து நடப் போறீங்களா?" என்றேன்.

"எதுக்கும் தயாரா இருக்கலாம்னுதான்."

மகள் கட்டிலில் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். பேச்சு அவளுக்கு நினைவிருந்தது.

செங்கல், பலகை ஒன்றும் இல்லாத வெறுந்தரை. சுவரை விட்டுத் தள்ளி நின்றேன். வலது காலைப் பின்னால் வைத்து, மெல்ல இறங்கி, ஒரு முட்டி ஊன்றி, பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். இதுவரை சரி. சம்பந்தி என் தலைக்குமேல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள், மரத்திலிருந்து பழம் விழப்போகிற மாதிரி.

"நீங்க தள்ளி நில்லுங்க."

"நான் தொடலியே!"

"உங்க கை இருந்தா எனக்குப் புடிச்சுக்க ஆசை வரும்."

ஒருக்களித்து, கையை என் தொடையிலேயே ஊன்றி, ஒரு காலை முன்னால் வைத்தேன். இடது முட்டி முனகியது. ஒருமுறை எம்பினேன், வரவில்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சை இழுத்து மறுபடி எம்பினேன். தரை என்னை விட்டது. நின்றுவிட்டேன்.

முதலில் கத்தியது சம்பந்திதான். "எந்திரிச்சிட்டாங்க! கிரேன் வேண்டாம்னு ஆலைக்குப் போன் போடுங்க!"

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். "இன்னொரு தடவை ஒக்காரும்மா" என்று பிள்ளையை நீட்டினாள்.

உட்கார்ந்தேன். பிள்ளை காலுக்கு வந்தது. எவ்வளவு லேசு! இந்த லேசைத் தாங்கத்தான் அவ்வளவு பாரம் இறக்கினேன். எண்ணெய் தேய்த்துக் கைகாலைக் குறுக்கும் நெடுக்கும் மடக்கி நீவினேன். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் சொம்பைத் தூக்குவது அந்த வயதில் சரிப்படாது. சம்பந்தியை நிமிர்ந்து பார்த்தேன். "செருகுனது வீணாப் போவ வேணாம், வாங்க" என்றேன். அவள் ஊற்ற ஊற்ற நான் குளிப்பாட்டினேன். வெளியே மழை, உள்ளே வெந்நீர் ஆவி. பிள்ளை ஒரு கொட்டாவி விட்டது. அதைப் பார்த்து சம்பந்தி, "அப்படியே எங்க குடும்பத்துக் கொட்டாவி" என்றாள். அன்று எனக்கு யாரோடும் சண்டையில்லை.

மழை விட்ட பிறகு மண்டிக்குப் போய் ஏறினேன். எழுபத்தெட்டு. டாக்டரம்மா கேட்ட எட்டு கிலோ முழுசாகக் குறையவே இல்லை, பிறகும் குறையவில்லை. அவரிடம் போய் நின்றபோது, எடைச் சீட்டைப் பார்க்காமல், "ஒக்காந்தீங்களா?" என்றுதான் கேட்டார். "ஒக்காந்து, எந்திரிச்சு, குளிப்பாட்டியாச்சு" என்றேன். அந்தக் குழந்தை நடக்கிற வரைக்கும், பெரம்பலூரில் இருந்த நாளெல்லாம், வேறு யார் காலிலும் குளிக்கவில்லை.

இவ்வளவுதான். நீ எழுதும்போது இரண்டு இடத்தில் குனிந்து சிரித்தாயே, அங்கே என்ன எழுதினாய்? அதிரசத்தைக் கூட்டி எழுதினாயோ என்னவோ. எங்கே, முதலிலிருந்து நிறுத்தி நிதானமாகப் படிடி கண்ணு, கேட்கிறேன்.